நோயின் பெயரைச் சொல்லும் நினைவுக்கொடை

இறந்தவர் நினைவாகத் தரப்படும் பணத்தை மதிப்பிடக் கூடாது என்றொரு நாகரிகம் நம்மிடம் உண்டு. ஒரு நாவலின் கட்டமைப்பைத் துருவிப் பார்க்கும் வாசகர்களான நாம்கூட, மருத்துவமனைக் கல்வெட்டில் ஒரு பெயரைக் கண்டதும் மரியாதையோடு நகர்ந்துவிடுகிறோம். இந்த ஒதுக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. துக்கம் தனிமனிதருக்குரியது, அதை எவரும் எடைபோட முடியாது. ஆனால் அந்தத் துக்கத்திலிருந்து ஓர் அறக்கட்டளையோ ஆய்வு நிதியோ பிறந்துவிட்டால் அது பொதுவுக்கு வந்துவிட்டது. அதற்கு நோக்கம், முறை, விளைவு எல்லாம் உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக்கென்று தரும் நினைவுக்கொடை மற்றெல்லாக் கொடைகளையும்விடக் கடுமையான சோதனையைத் தாங்க வேண்டும். அதைப் பெறப்போகிறவர் இன்னும் பிறந்திருக்கவே மாட்டார். பயன் கிடைக்குமா என்பதும் தரும் நாளில் யாருக்கும் தெரியாது.

சேத்தியாத்தோப்பை எடுத்துக்கொள்வோம். வெள்ளாற்றங்கரையில் அணைக்கட்டும், சுற்றிலும் நெல்லும் கரும்பும், சற்றுத் தள்ளிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கொண்ட சாலைச் சந்திப்பு ஊர். இங்கே ஒருவர் இறந்தால் நினைவு எடுக்கும் வடிவங்கள் திட்டமானவை. கண்ணீர் அஞ்சலி பேனர், பதினாறாம் நாள் காரியம், படத்திறப்பு, ஆண்டுதோறும் திதி. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கோயிலுக்கு டியூப்லைட்டோ மின்விசிறியோ வாங்கித் தந்து, அதன்மேல் உபயம் என்று பெயர் எழுதுவார்கள். பள்ளியில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குப் பரிசு வைப்பார்கள். வடக்கே வடலூரில், வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே இறந்தவர் பெயரில் ஒருவேளை அன்னதானத்துக்குப் பணம் கட்டுவது இவ்வட்டாரத்தின் மிக அழகான நினைவு வடிவம் என்பேன். அதன் ஒருமைப்பாடு குறையற்றது. பசி என்ற துன்பம் தெளிவு, சோறு என்ற மருந்து தெளிவு, இலையில் அமர்ந்தவரின் முகமும் எதிரே இருக்கிறது. ஆராய்ச்சிக் கொடை இந்த மூன்று தெளிவுகளையும் இழந்து நிற்பது. ஆகவே அன்னதானத்தைவிட அது உயர்ந்தது என்று தொடங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது வேறு இனம், அதற்கான உரைகல்லும் வேறு.

அந்த உரைகல் எது? நன்கொடையின் தொகையை ஒதுக்கிவிடலாம். பெயர் எவ்வளவு பெரிதாகப் பொறிக்கப்பட்டது என்பதும் இங்கே பொருட்டில்லை. நான் பார்ப்பவை இரண்டு. இறந்தவரைக் கொண்டுபோன நோயின் பெயரைக் கொடை வெளிப்படையாகச் சொல்கிறதா? அந்த நோய் குறித்து ஒரு வினாவை எழுப்பிவிட்டு, விடை எங்கிருந்து வரவேண்டும், எப்படி வரவேண்டும் என்பதில் கைவைக்காமல் விலகி நிற்கிறதா? முதலாவது இல்லையென்றால் நினைவுக்கும் ஆராய்ச்சிக்கும் தொடர்பே இல்லை. இரண்டாவது இல்லையென்றால் அது ஆராய்ச்சியே இல்லை, விளம்பரம்.

தமிழ்நாட்டின் பழைய எடுத்துக்காட்டு வேலூர். ஐடா ஸ்கடர் மருத்துவரானதற்குப் பின்னே இருந்தவை திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் நேர்ந்த மூன்று பெண்களின் மரணங்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று கணவர்கள் மருத்துவரான ஐடாவின் தந்தையின் உதவியை மறுத்ததால் இறந்தவர்கள் அவர்கள். பிறகு அமெரிக்காவில் மருத்துவம் படித்த ஐடா பணம் திரட்டியபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் மறைந்த தம் மனைவி நினைவாக 10,000 டாலர் தந்தார். மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் வேலூரில் திறக்கப்பட்டது. செயலின் உடனடிப் பயனில் குறையில்லை. சிகிச்சைக்கு வழியற்ற பெண்களுக்கு வாசல் திறந்தது. ஷெல் பெயர் இன்றும் வேலூரில் கண் மருத்துவத்தோடு சேர்ந்து வழங்குகிறது. ஆனால் திறனாய்வாளன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேலூரைக் காணாத ஒரு பெண்ணின் பெயர் கல்லில் நின்றது. அந்த மருத்துவமனைக்கு உண்மையான காரணமாயிருந்த மூன்று பெண்களின் பெயர் எங்கும் நிற்கவில்லை. ஷெல்லின் கொடை ஒரு நபரை நினைவுகூர்ந்தது, எந்த நோயையும் நினைவுகூரவில்லை. வினா எதுவும் அதில் இல்லை. அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை கட்டுவதே அவர் ஏற்றுக்கொண்ட பணி, அதை அவர் நிறைவாகச் செய்தார். பின்னாளில் அங்கே வளர்ந்த கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி தழைத்தது கொடையாளரின் எண்ணத்தால் நிகழ்ந்ததன்று. அவர் எண்ணத்தைத் தாண்டி நிகழ்ந்தது.

முறை என்ற அளவில் இந்தியாவில் ஒப்பற்றது லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை. மெஹர்பாய் டாட்டா 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். கணவர் தோராப்ஜி அடுத்த ஆண்டே, தம் மரணத்துக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அந்த அறக்கட்டளையை நிறுவினார். அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு உலகின் எந்த நாட்டினர் செய்தாலும் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு; எஞ்சிய ஒரு பங்கு இந்தியாவில் நோய்த்துன்பம் தணிக்கும் ஆய்வுகளுக்கு. 1932இல் இந்த நோய்க்கு மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த முடிவைப் படிக்க வேண்டும். கட்டடம் எழுப்பியிருந்தால் உள்ளே கொடுக்க மருந்து கிடையாது. அதனால் அவர் கட்டடத்தை விட்டுவிட்டு வினாவைப் பிடித்தார். யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதை அறிவியல் ஆலோசகர்களிடம் விட்டார். குடும்பத்தின் துயரம் நோக்கத்தை வகுத்தது, தேர்வை வகுக்கவில்லை. நினைவுக்கொடையின் வரலாற்றில் இவ்வளவு துப்புரவான பிரிவினை அரிது.

இந்தியர் சொத்தின் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் போவது சரியா என்ற எதிர்வாதம் எழும். எழ வேண்டியதுதான். ஆனால் அன்று இந்த நோயை ஆராயும் வசதி எங்கே இருந்தது என்று பார்த்தால், வாதத்தின் பலம் குறைந்துவிடுகிறது. என் குறை வேறிடத்தில் இருக்கிறது. எந்த நாட்டினருக்கும் உரிய பங்குக்கு ஒரு நோய் குறிக்கப்பட்டது. இந்தியப் பங்குக்கோ பொதுவான நோய்த்துன்பம். முன்னதில் இருந்த கூர்மை பின்னதில் தளர்ந்தது. தம் நாட்டின் துன்பங்கள் ஒன்றிரண்டல்ல என்ற இரக்கம் அவரை அப்படி எழுத வைத்திருக்கும். இரக்கம் புரிகிறது, என்றாலும் வடிவத்தின் இறுக்கம் அங்கே குலைகிறது. அவர் விட்டுச்சென்ற பெரும் அறக்கட்டளையின் வழியே, 1941இல் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை திறந்தது தனிக்கதை. மெஹர்பாய் அணிந்த ஜூபிலி வைரம் விற்கப்பட்ட பணமும் அந்த அறப்பணிகளில் கரைந்தது.

இனி சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அது சீதபேதி என்று கருதப்பட்டது. நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இந்த மரணத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். அறியாமையால் நேர்ந்த மரணம் அது. மருத்துவரான அக்காளின் வீட்டிலேயே நேர்ந்த அறியாமை. அதனால் அவருடைய துக்கத்தில் தொடக்கத்திலேயே ஒரு வினா கலந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றவர், பெண்களுக்காகச் சட்டமன்றத்திலும் வெளியிலும் போராடியவர், 1935இல் அதே கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அறிவித்தார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டும் பணி 1940களின் இறுதியில் தொடங்கியது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளும் இரண்டு மருத்துவர்களும் கொண்ட சிறிய மருத்துவமனையாக அது திறந்தது. மரணத்துக்கும் திறப்புக்கும் இடையில் 31 ஆண்டுகள்.

இந்த 31 ஆண்டுகள்தான் என் மதிப்பீட்டில் பெரிய சான்று. கோபமும் துயரமும் சூடாக இருக்கும்போது செய்த கொடை இது இல்லை. சூடு ஆறிய பிறகும், வேறு பல பொதுப்பணிகளுக்கு நடுவிலும், ஒரே கேள்வியை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் தோராப்ஜியின் செல்வம் கிடையாது, ஊர் ஊராகக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போதெல்லாம் அந்த நோயின் பெயரைச் சொல்லியே கேட்டார். புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கத் தயங்கிய காலத்தில், தன் தங்கை எதனால் இறந்தாள் என்பதைப் பொதுமேடையில் சொன்னதும் அந்தக் கொடையின் ஒரு பகுதி என்றே எண்ணுகிறேன். தங்கையின் பெயர் மருத்துவமனைக்கு வைக்கப்படவில்லை. அங்கே நிற்பது நோயின் பெயர்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தின் உறுதி, முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, 1955இல் சேர்ந்து 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தா ஆகிய இருவரின் முழு வாழ்க்கையையும் அடிக்கல்லாகக் கொண்டது. இதைப் புகழாமல் இருக்க முடியாது. ஆனால் முறை என்ற நோக்கில் இது பலவீனமும்கூட. வாழ்நாளையே தர ஆள் கிடைத்தால்தான் நடக்கும் ஒன்றை, பிறர் எடுத்துச் செய்யக்கூடிய மாதிரி என்று சொல்வதற்கில்லை. லேடி டாட்டா அறக்கட்டளையின் விதிகளை வேறொருவர் நகலெடுக்கலாம். சாந்தாவை நகலெடுக்க இயலாது. இன்னொரு சிக்கல், சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரே வாசல் என்பதில் இருக்கிறது. வாசலில் நிற்கும் நோயாளியைத் தாண்டி ஆய்வு மேசைக்குப் போவது எந்த நல்ல மருத்துவருக்கும் கடினம். கையிலிருக்கும் பணம் ஒன்றே என்றால் அது நோயாளிக்கே போகும், போகவும் வேண்டும். ஆராய்ச்சிக்கென்று தனியே பிரித்துத் தரும் கொடைக்கு இங்கேதான் பொருள் பிறக்கிறது.

ஆனாலும் அடையாறு நோயாளியோடு நிற்கவில்லை. 1980களின் தொடக்கத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்துக்குள், சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை அது தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேடாக அப்பணி விரிந்தது. பதிவேடு யார் கண்ணிலும் படாத வேலை. பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகவும் ஆய்வுக்கூடங்களுக்கும் சென்று, ஒவ்வொரு நோயாளியின் ஊர், வயது, நோய் இருந்த உறுப்பு, எந்தக் கட்டத்தில் தெரிந்தது ஆகியவற்றைத் தேடி எழுதுகிறார்கள். உள்ளாட்சி அலுவலகங்களின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிடுகிறார்கள். சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று குறைந்துவருவதும் மார்பகப் புற்று அதைத் தாண்டி ஏறியதும் இந்த எழுத்து வேலையால்தான் நமக்குத் தெரியும். தங்கைக்கு வந்தது எது என்று தெரியாமல் போன துயரத்துக்கு, எவருக்கு எது வருகிறது என்று எழுதிவைக்கும் பதிவேட்டைக் காட்டிலும் பொருத்தமான மறுமொழியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இரண்டு நினைவுகளும் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. இதைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். 1984 முதல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, அடையாறு, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து, குழந்தைகளையும் இளையோரையும் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அதற்குத் துணைநின்றார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே பிழைத்த நிலை மாறிக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிழைக்கும் நிலை வந்தது. மருந்தின் நச்சால் நேர்ந்த மரணங்களையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். மனைவியின் இரத்தப் புற்றுநோயிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கொடையும், தங்கையின் மலக்குடல் புற்றிலிருந்து புறப்பட்ட கொடையும் ஒரே மருந்துப் பட்டியலில் வந்து சேர்ந்தன. தோராப்ஜியும் முத்துலட்சுமியும் இதைத் திட்டமிடவில்லை. வினாவை விட்டுச் சென்றார்கள், அவ்வளவே.

கொடையாளர் விலகி நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னும் வலுவான சான்று உயிர்வேதியியலாளர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவருடைய சகோதரர்கள் ஸ்ப்ரூ என்ற குடல்நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1922இல் அவர் பாஸ்டன் சென்றபோது, பயணத்துக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமம். பிற்காலத்தில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக உருவாக்கப்பட்டது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. அந்த அமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களும் அதே கூடத்தில் பிறந்தன. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுள்ள 16 குழந்தைகளுக்குக் கொடுத்தபோது 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948இல் வெளிவந்த அந்த முடிவுதான் இரத்தப் புற்று மருந்துகளின் தொடக்கம். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. காக்கிநாடாவின் தருமகர்த்தாக்கள் பணம் எந்த நோய்க்குப் போக வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தால் இந்தப் பாதையே திறந்திராது. சகோதரர்களின் நினைவு அவருக்குக் கேள்வியைத் தந்தது. விடை வேறொரு நோயின் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் பெரிய ஊர்களின் கதை என்று சேத்தியாத்தோப்பு வாசகர் எண்ணலாம். பக்கத்து விருத்தாசலத்தைப் பீங்கானுக்காக நாம் அறிவோம், அங்கே நடந்த ஆராய்ச்சிக்காக அறிந்ததில்லை. அந்த ஆராய்ச்சி ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பற்றியது. அந்த நோய் இந்தியாவில் மனிதரிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூரில். ஷெல் கட்டிய அந்தச் சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்த கல்லூரியின் மருத்துவர்களுக்கு அதில் பங்குண்டு. பின்னர் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து, பழைய தென்னாற்காட்டுக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் கொசு பிடித்தது. மாலை மயங்கும் நேரத்தில் மாட்டுக்கொட்டகையைச் சுற்றிய புதர்களிலும் கூரைகளிலும் அமரும் கியூலெக்ஸ் கொசுக்களைச் சேகரித்து, தொகுதி தொகுதியாக வைரஸுக்காகச் சோதித்தார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடினார்கள். நெல் வயலில் தண்ணீர் நிற்கும் காலம், கொசு பெருகும் காலம், வைரஸைப் பெருக்கும் பன்றியும் கொக்கும், கொசுவுக்குத் தீனியானாலும் வைரஸைப் பெருக்காத மாடு ஆகியவற்றின் உறவுகள் இந்த மண்ணிலேயே அளந்து எழுதப்பட்டன. அரசுப் பணத்தில் நடந்தது. மூளைக்காய்ச்சலில் பறிகொடுத்த எந்தக் குழந்தையின் பெயரும் அதன்மேல் கிடையாது.

நம் ஊர் நினைவு வடிவங்களின் பெரும் குறை இங்கே வெளிப்படுகிறது. பேனரில் இயற்கை எய்தினார் என்று இருக்கும். எதனால் என்று இருக்காது. புற்றுநோய் என்றால் பெண்ணுக்கு வரன் வராது, காசநோய் என்றால் உறவினர் ஒதுங்குவார்கள், மனநோய் என்றால் சொல்லவே கூடாது. இந்த அச்சங்களுக்கு வாழ்க்கையில் காரணம் இருக்கிறது. அவற்றை நான் எள்ளவில்லை. ஆனால் ஒருபக்கம் நோயை மறைத்துக்கொண்டு மறுபக்கம் ஆராய்ச்சிக்குக் கொடை தருவது தன்னைத்தானே மறுக்கும் செயல். வீட்டில் நேர்ந்த மரணத்தைப் பேரூராட்சியில் பதியும்போது காரணம் என்ற கட்டத்தில் நெஞ்சுவலி என்றோ முதுமை என்றோ எழுதிவிட்டு வந்தால், பதிவேட்டுப் பணியாளர் தேடும் ஒரு வரி அங்கேயே அழிந்துபோகிறது. அதன்பின் எவ்வளவு பணம் அனுப்பினாலும் அந்த வரி திரும்பாது.

ஆகவே என் தீர்ப்பை வரிசைப்படுத்துகிறேன். நோக்கத்தின் தூய்மையிலும் விதிகளின் தெளிவிலும் லேடி டாட்டா அறக்கட்டளை முதலில் நிற்கிறது. துக்கத்துக்கும் விளைவுக்கும் உள்ள ஒருமைப்பாட்டில் அடையாறு அதைவிட மேலானது. இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால், பதிவேட்டை முன்னிட்டு அடையாறையே தேர்வேன். வேலூர் ஷெல் மருத்துவமனை வணக்கத்துக்குரியது, ஆனால் இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. உயிரோடிருக்கும் கொடையாளரின் பெயரை வாசலில் பெரிதாக எழுதி, உள்ளே எந்த ஆய்வும் நடவாத கட்டடங்கள் இந்த வரிசையிலேயே இடம்பெறா.

சிறுகொடையாளருக்கும் இதே அளவுகோல்தான். காரியச் செலவில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு அனுப்ப விரும்பும் குடும்பம், கருவி வாங்கத் தருவதைவிட நோயாளிகளைப் பின்தொடரும் பணிக்குத் தருவது மேல். கருவிக்குப் பெயர்ப்பலகை உண்டு, அதனால் அதற்குக் கொடையாளர்கள் கிடைத்துவிடுவார்கள். சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு கழித்தும் சேத்தியாத்தோப்பில் இருக்கும் நோயாளி உயிரோடிருக்கிறாரா என்று கேட்கும் தொலைபேசி அழைப்புக்கும், அழைப்பு எடுக்கப்படாதபோது பேருந்து ஏறி வந்து விசாரிக்கும் பணியாளரின் சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை வைக்க இடம் கிடையாது. ஒரு சிகிச்சை பலித்ததா என்பது அந்த ஒரு தகவலில் இருக்கிறது. இரசீது வாங்கும்போது ஆராய்ச்சிக்கு என்று குறித்து வாங்க வேண்டும். குறிக்காவிட்டால் அது பொதுநிதியில் சேர்ந்துவிடும். எந்த நோயின் ஆய்வுக்கு என்பதையும் எழுதித் தரலாம். எந்த மருத்துவர், எந்த மருந்து, எப்போது முடிவு என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆண்டறிக்கை கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அந்த அறிக்கையில் இவ்வாண்டு எதுவும் பலிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அடுத்த ஆண்டும் அனுப்ப வேண்டும்.